ஊசி டெஸ்ட்ல 'ஒண்ணுமில்லை'ன்னு வந்தா நம்பலாமா? மார்பகக் கட்டியும் பயாப்ஸி ரிப்போர்ட்டும்

பழவேற்காடு சென்னையிலிருந்து சுமார் 60 கி.மீ. வடக்கே இருக்கிறது. மேப்பில் பார்த்தால் பக்கம்தான். ஆனால், ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் லைட்ஹவுஸ் குப்பம் மாதிரியான ஒரு ஊரிலிருந்து சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றால், முதலில் பழவேற்காடு பஜாருக்கு வர வேண்டும். அங்கே பஸ் பிடித்து, சுமார் 20 கி.மீ. தள்ளி இருக்கும் பொன்னேரிக்குப் போக வேண்டும். பிறகு புறநகர் ரயிலோ, இன்னொரு பஸ்ஸோ. போக வர ஒரு பகல் முழுசாகப் போய்விடும். அன்றைக்கு மீன் கூடையைத் தூக்க முடியாது, ஏரியில் இறால் தடவப் போக முடியாது, பனையோலை முடைய உட்கார முடியாது. அன்றைய வருமானம் அன்றோடு போச்சு.

மார்பில் கட்டி தட்டுப்பட்ட ஒரு பெண்ணுக்கு இந்த அலைச்சல் ஒரு நாளோடு முடிவதில்லை. டாக்டரைப் பார்க்க ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள், ஊசி டெஸ்டுக்கு ஒரு நாள், ரிப்போர்ட் வாங்க இன்னொரு நாள். கடைசியில் அந்த ரிப்போர்ட்டின் போட்டோ, சென்னையிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலை பார்க்கும் மகனுக்கோ மகளுக்கோ வாட்ஸ்அப்பில் வந்து சேரும். 'என்ன போட்டிருக்குன்னு பாரு' என்பார் அம்மா.

'நெகட்டிவ் ஃபார் மாலிக்னன்சி' என்று இருந்தால் வீடே பெருமூச்சு விடும். அந்த ஒரு வரியை எவ்வளவு தூரம் நம்பலாம்?

சுருக்கமான பதில் இதுதான். ஊசி பயாப்ஸி 'புற்றுநோய் இருக்கிறது' என்று சொன்னால், அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். 'இல்லை' என்று சொன்னால், அந்தத் தாளை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. டாக்டரின் கை என்ன சொன்னது, ஸ்கேன் என்ன சொன்னது என்று சேர்த்துப் பார்த்த பிறகே அந்த 'இல்லை'க்கு அர்த்தம் வரும்.

எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

இதை ஏன் தெரிஞ்சுக்கணும்?

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை தரும் கணக்கின்படி, 2022-ல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 98 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் இது நன்றாகக் குணமாகக்கூடிய நோய். ஆனால் கட்டி தட்டுப்பட்டதும் 'இது புற்றுநோயா, இல்லையா' என்று உறுதி செய்யாமல் எந்தச் சிகிச்சையும் தொடங்க முடியாது. மேமோகிராமும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் சந்தேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். உறுதி செய்வது கட்டியிலிருந்து எடுத்த செல்லையோ சதைத் துணுக்கையோ மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் பரிசோதனை. அதைத்தான் நம் ஊரில் 'சதை டெஸ்ட்', 'ஊசி டெஸ்ட்' என்கிறார்கள்.

ஊசியில் ரெண்டு வகை

இங்கேதான் முதல் குழப்பம். 'ஊசி டெஸ்ட் எடுத்தாச்சு' என்று சொல்கிறவர்களிடம் 'எந்த ஊசி?' என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

முதல் வகை, எஃப்.என்.ஏ.சி. ரத்தம் எடுக்கும் ஊசியைப் போன்ற, சில நேரம் அதைவிட மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு, செல்களை மட்டும் உறிஞ்சி எடுப்பார்கள். அதைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. செலவு குறைவு, ரிப்போர்ட்டும் சீக்கிரம் வரும். நீர்க்கட்டியா என்று பார்க்கவும், அக்குளில் நெறி கட்டியிருந்தால் அதைச் சோதிக்கவும் இன்றும் நன்றாக உதவுகிறது.

இரண்டாவது வகை, கோர் பயாப்ஸி. 'ட்ரூகட்' என்றும் சொல்வார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, சுமார் 2 மி.மீ. தடிமன் உள்ள ஊசியை ஸ்பிரிங் வைத்த கருவியால் செலுத்துவார்கள். ஸ்டேப்ளர் அடிப்பது போல 'டக்' என்று ஒரு சத்தம் வரும். சேமியா துண்டு அளவில் சதை கிடைக்கும். அப்படி மூன்று, நான்கு துண்டுகள் எடுப்பார்கள்.

வித்தியாசம் என்ன? எஃப்.என்.ஏ.சி.யில் கிடைப்பது உதிரி செல்கள். கோர் பயாப்ஸியில் செல்கள் எந்த அமைப்பில் இருந்தனவோ, அந்த அமைப்போடு சேர்த்துச் சதை கிடைக்கிறது. புற்றுநோய் பால் குழாய்க்குள்ளேயே நிற்கிறதா, குழாயை உடைத்துக்கொண்டு வெளியே பரவிவிட்டதா என்பதை உதிரி செல்களை வைத்துச் சொல்ல முடியாது. சதைத் துண்டில் தெரியும். இ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று மருந்தைத் தீர்மானிக்கும் பரிசோதனைகளையும் அதே துண்டில் செய்யலாம்.

ஊசியால் கட்டியைச் சோதிக்கும் முறை புதிதல்ல. நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் ஹேஸ் மார்ட்டின், எட்வர்ட் எல்லிஸ் இருவரும் 1930-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். பிறகு ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவர்கள் மெல்லிய ஊசி முறையை வளர்த்தெடுத்தார்கள். ஸ்பிரிங் கருவியும் 1980-களில் ஸ்வீடனில் இருந்துதான் வந்தது. இன்று மார்பகக் கட்டிக்கு, வசதி இருக்கும் இடங்களில் கோர் பயாப்ஸியே முதல் தேர்வு.

எவ்வளவு துல்லியம்?

இரண்டு ஊசிகளையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் ஒரு அலசல் வெளியானது. புற்றுநோய் உள்ள 100 பேரைச் சோதித்தால், எஃப்.என்.ஏ.சி. சுமார் 74 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது, கோர் பயாப்ஸி சுமார் 87 பேரைக் கண்டுபிடிக்கிறது என்றது அது. புற்றுநோய் இல்லாதவர்களை 'இல்லை' என்று சரியாகச் சொல்வதில் இரண்டுமே கெட்டி: 96 சதவீதம், 98 சதவீதம்.

கோர் பயாப்ஸியை எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தும் இந்த எண் மாறும். அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு முகமை 2014-ல் வெளியிட்ட தொகுப்பில், கையால் தடவிப் பார்த்துக் குத்தும்போது 91 சதவீதம் வரை கண்டுபிடிக்க முடிந்தது. அல்ட்ராசவுண்ட் அல்லது மேமோகிராம் படத்தைப் பார்த்துக்கொண்டே குத்தும்போது அது 97 முதல் 99 சதவீதம் வரை உயர்ந்தது. அறுவை செய்து கட்டியையே வெளியே எடுத்துச் சோதிப்பதற்குக் கிட்டத்தட்ட சமம் இது.

ஆக, 'ஊசி டெஸ்ட் நம்பகமானதா?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த ஊசி, படத்தைப் பார்த்துக் குத்தினார்களா, குருட்டாம்போக்கில் குத்தினார்களா என்று கேட்க வேண்டும்.

அதே 'இல்லை', ஆனா ரெண்டு அர்த்தம்

இது கொஞ்சம் கணக்கு. ஆனால் முக்கியமான கணக்கு.

ஸ்கேன் அல்லது மேமோகிராம் ரிப்போர்ட்டின் கடைசியில் 'பைராட்ஸ்' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. 4 என்றால் சந்தேகம், சதை எடுத்துப் பார்க்க வேண்டும். 5 என்றால் 95 சதவீதமோ அதற்கு மேலோ புற்றுநோய்தான்.

இப்போது பைராட்ஸ் 3 வந்த 100 பெண்களை எடுத்துக்கொள்வோம். அதிகபட்சம் 2 பேருக்குத்தான் புற்றுநோய். எஃப்.என்.ஏ.சி. அதில் ஒருவரைத் தவறவிட்டாலும், 'இல்லை' என்று ரிப்போர்ட் வாங்கும் 99 பேரில் தவறு ஒருவருக்கு மட்டுமே. நிம்மதியாக இருக்கலாம், சொன்ன தேதியில் மறுபடி போய்க் காட்டினால் போதும்.

அடுத்து, பைராட்ஸ் 5 வந்த 100 பெண்கள். 95 பேருக்குப் புற்றுநோய் இருக்கிறது. எஃப்.என்.ஏ.சி. அதில் சுமார் 70 பேரைப் பிடிக்கும், 25 பேரைத் தவறவிடும். மீதி 5 பேருக்கு உண்மையிலேயே நோய் இல்லை. மொத்தம் 30 பேர் கையில் 'இல்லை' என்ற ரிப்போர்ட் இருக்கும். அந்த 30 பேரில் 25 பேருக்குப் புற்றுநோய்!

ஸ்கேன் பார்த்துச் செய்த கோர் பயாப்ஸியாக இருந்தாலும் கணக்கு முழுசாக மாறிவிடாது. 95 பேரில் 92 பேரைப் பிடித்துவிடும், 3 பேர் தப்புவார்கள். 'இல்லை' என்று வரும் 8 பேரில் 3 பேருக்கு நோய் இருக்கும்.

புரிவதற்காக எளிமைப்படுத்திய கணக்குதான் இது. ஆனால் விஷயம் இதில் தெளிவாகிவிடும். தாளில் இருக்கும் வார்த்தை ஒன்றுதான். 22 வயதுப் பெண்ணின் வழுவழுப்பான, விரலுக்கு அகப்படாமல் நழுவும் கட்டிக்கு அது ஒரு அர்த்தம். 52 வயதுத் தாயின் கல் போன்ற, தோலை உள்ளே இழுக்கும் கட்டிக்கு வேறு அர்த்தம். ஏரியில் ஒரு இடத்தில் வலை விரித்து மீன் படவில்லை என்றால், 'இந்த ஏரியிலேயே மீன் இல்லை' என்று பழவேற்காட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். எந்த இடம், என்ன வலை என்றுதான் கேட்பார்கள். அதே கேள்விதான் இங்கேயும்.

இதனால்தான் மருத்துவர்கள் 'ட்ரிபிள் அசெஸ்மென்ட்' என்கிறார்கள். கையால் பரிசோதனை, படம், ஊசி. மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் 99 சதவீதம் வரை நம்பலாம். ஒன்று மட்டும் மாறிச் சொன்னால், மறுபடி சதை எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் கட்டியையே எடுத்துப் பார்க்க வேண்டும். 'ரெண்டு பேர் இல்லைன்னு சொல்லிட்டாங்க, ஒருத்தர்தான் இருக்குன்னு சொல்றார்' என்று ஓட்டெடுப்பு நடத்தக் கூடாது.

தப்பு எங்கே நடக்கும்?

முதலாவது, ஊசி கட்டியின் ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டு வருவது. சின்னக் கட்டி, ஆழத்தில் இருக்கும் கட்டி, பெரிய மார்பகம் என்றால் இந்த வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, போதுமான அளவு செல்லோ சதையோ கிடைக்காதது. ரிப்போர்ட்டில் 'இன்அடிக்வேட்' என்று வரும். இதைப் பலர் 'ஒன்றும் இல்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. 'பார்க்கவே முடியவில்லை' என்பதுதான் அதன் பொருள். மறுபடி எடுத்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, கட்டியின் குணம். 'லோபுலர்' என்ற வகைப் புற்றுநோயில் செல்கள் கொத்தாகத் திரளாமல் வரிசை வரிசையாகச் சிதறிக் கிடக்கும். மெல்லிய ஊசியில் கொஞ்சம்தான் வரும். பார்க்கவும் சாதுவாகத் தெரியும்.

நான்காவது, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்ப்பவரும் மனிதர்தான். அமெரிக்காவில் 115 பெத்தாலஜிஸ்ட்டுகளிடம் மார்பக பயாப்ஸி ஸ்லைடுகளைக் கொடுத்துச் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. பரவும் வகைப் புற்றுநோயில் 96 சதவீதம் பேரின் பதில் நிபுணர் குழுவின் பதிலோடு ஒத்துப்போனது. குழாய்க்குள்ளேயே நிற்கும் டி.சி.ஐ.எஸ். வகையில் 84 சதவீதம். 'அடிபியா' எனப்படும் நடுத்தர நிலையில் 48 சதவீதம் மட்டுமே! தெளிவான புற்றுநோயில் குழப்பம் குறைவு. நடுவில் இருக்கும் நிலைகளில்தான் தடுமாற்றம் எல்லாம்.

அதனால் ரிப்போர்ட்டில் 'அடிபிகல் டக்டல் ஹைப்பர்பிளேசியா' என்று இருந்தால், அது புற்றுநோய் இல்லைதான், ஆனால் பக்கத்திலேயே புற்றுநோய் ஒளிந்திருக்கலாம். பெரும்பாலும் அந்த இடத்தை அறுவை செய்து எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். கோர் பயாப்ஸியில் டி.சி.ஐ.எஸ். என்று வந்தவர்களிலும், அறுவைக்குப் பிறகு பார்த்தால் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் பரவும் வகையும் சேர்ந்திருக்கிறது.

பாட்டிலுக்குள் நடப்பது

சதைத் துண்டு ஊசியிலிருந்து வெளியே வந்ததும் ஃபார்மலின் பாட்டிலுக்குள் போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேல் போகாமல் அதில் ஊற வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். சலைனிலோ வெறும் தண்ணீரிலோ போட்டால் சதை கெடத் தொடங்கிவிடும். புற்றுநோய் என்று தெரிந்தாலும், எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் இ.ஆர்., பி.ஆர். பரிசோதனை தப்பாகிவிடலாம்.

அது எவ்வளவு பெரிய தப்பாக முடியும் என்பதற்கு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து ஒரு சாட்சி. அங்கே 1997 முதல் 2005 வரை செய்த ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனைகளை மறுபடி சோதித்தபோது, 380-க்கும் மேற்பட்ட மார்பகப் புற்றுநோயாளிகளுக்குத் தவறான முடிவு சொல்லப்பட்டது தெரியவந்தது. ஹார்மோன் மாத்திரையால் பலன் பெற்றிருக்கக்கூடிய பல பெண்களுக்கு அந்த மாத்திரையே கிடைக்கவில்லை. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2009-ல் அறிக்கை கொடுத்தது. சதையைப் பதப்படுத்துவது முதல் சாயம் ஏற்றுவது வரை, லேபில் நடக்கும் ஒவ்வொரு படியிலும் தரக் கட்டுப்பாடு எவ்வளவு அவசியம் என்பதை அந்த விவகாரம் உலகத்துக்கே காட்டியது.

சின்ன ஊரில் சதை எடுத்து, பாட்டிலை நோயாளியின் வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்து 'சென்னை லேபில் கொடுத்துடுங்க' என்று அனுப்பும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அப்படிக் கொடுத்தால் மூன்றைப் பாருங்கள்: உள்ளே இருப்பது ஃபார்மலின்தானா, பாட்டில் மேல் பெயர், வயது, எந்தப் பக்க மார்பு என்று எழுதியிருக்கிறதா, எத்தனை மணிக்கு எடுத்தது என்று சீட்டில் இருக்கிறதா. 'நாளைக்குக் கொடுத்துக்கலாம்' என்று வீட்டில் வைத்துவிடாதீர்கள்.

'ஊசி குத்துனா பரவிடும்'னு சொல்றாங்களே?

பயாப்ஸிக்குப் பயந்து பின்வாங்குகிறவர்கள் சொல்லும் முதல் காரணம் இது. 'சும்மா இருந்த கட்டியைக் குத்திக் கிளறிட்டாங்க, அப்புறம்தான் பரவிச்சு' என்ற கதை எல்லா ஊரிலும் உண்டு.

உண்மை என்ன? ஊசி போன பாதையில் சில புற்றுநோய் செல்கள் இடம்பெயர்வது உண்டு. 1999-ல் வெளியான ஓர் ஆய்வு, கோர் பயாப்ஸிக்குப் பிறகு அறுவை செய்த 352 பேரின் திசுவைப் பார்த்தது. 32 சதவீதம் பேரிடம் அப்படி இடம்பெயர்ந்த செல்கள் இருந்தன. ஆனால் பயாப்ஸிக்கும் அறுவைக்கும் இடையே 15 நாளுக்குள் இருந்தால் 42 சதவீதம், 28 நாளைத் தாண்டினால் 15 சதவீதம். நாள் ஆக ஆகக் குறைந்துகொண்டே போனது. அதாவது, இடம்பெயர்ந்த செல்களில் பெரும்பாலானவை அங்கே பிழைக்காமல் செத்துவிடுகின்றன என்று தெரிகிறது. ஊசி பயாப்ஸி செய்துகொண்டதால் ஆயுள் குறைந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை.

பின் ஏன் அந்தக் கதை? பயாப்ஸி செய்யும்போதே சிலருக்கு நோய் முற்றியிருக்கும். அடுத்த சில மாதங்களில் அது வெளியே தெரியும்போது, கடைசியாக நடந்த ஊசியின் மேல் பழி விழுகிறது. ஊசியால் உண்மையில் வரக்கூடிய தொந்தரவு ரத்தம் கட்டுவது, சில நாள் வலி, அரிதாகச் சீழ் பிடிப்பது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

'நேரா ஆபரேஷனே பண்ணிடலாமே?'

'திரும்பத் திரும்ப அலைய முடியாது, கட்டியை எடுத்துட்டு அப்புறம் டெஸ்ட்டுக்கு அனுப்புங்க' என்று குடும்பமே கேட்பதுண்டு. ஒரு நாள் கூலியை யோசித்தால் அந்த அவசரம் புரிகிறது. ஆனால் அதற்கு விலை அதிகம்.

புற்றுநோய் என்று தெரியாமல் எடுக்கும்போது சுற்றியுள்ள சதையைத் தேவையான அளவு எடுக்க மாட்டார்கள். பிறகு புற்றுநோய் என்று வந்தால் இரண்டாவது அறுவை. சில வகைகளுக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுவை செய்வதே நல்லது. கட்டியை முதலிலேயே எடுத்துவிட்டால் அந்த வழி அடைபட்டுப்போகும். மறுபக்கம், சாதாரண ஃபைப்ரோஅடினோமா கட்டிக்கோ, காசநோயால் வரும் வீக்கத்துக்கோ தேவையே இல்லாமல் கத்தி வைத்ததாகிவிடும்.

ஒரு காலத்தில் உலகம் முழுக்க இப்படித்தான் நடந்தது. மயக்கம் கொடுத்து, கட்டியை எடுத்து, மேஜையிலேயே உறைய வைத்துச் சோதித்து, புற்றுநோய் என்றால் அப்போதே மார்பகத்தை அகற்றிவிடுவார்கள். மயக்கம் தெளிந்த பிறகுதான் மார்பு இருக்கிறதா, இல்லையா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அமெரிக்கப் பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் இதை எதிர்த்து எழுதினார், வாதாடினார். 1979-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு, முதலில் பயாப்ஸி, முடிவைச் சொல்லிக் கலந்து பேசிய பிறகே சிகிச்சை என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் அவரும் இருந்தார். 'முதலில் ஊசி' என்பது அந்தப் பெண்ணுக்கு யோசிக்கக் கிடைத்த அவகாசமும்கூட.

ரிப்போர்ட் போனுக்கு வந்தா எதைப் பார்க்கணும்?

முதலில் பெயர், வயது, வலதா இடதா. கேட்கச் சாதாரணமாகத் தெரிந்தாலும், பெயர் மாறிப்போகும் தவறு இங்கேதான் பிடிபடும்.

அடுத்து, என்ன பரிசோதனை: எஃப்.என்.ஏ.சி.யா, கோர் அல்லது ட்ரூகட் பயாப்ஸியா?

பிறகு முடிவு. பல லேப்கள் எஃப்.என்.ஏ.சி.க்கு சி1 முதல் சி5 வரையும், கோர் பயாப்ஸிக்கு பி1 முதல் பி5 வரையும் எண் போடுவார்கள். சி1 என்றால் போதவில்லை. 2 என்றால் சாதாரணக் கட்டி. 3 என்றால் நடுவில், தெளிவில்லை. 4 என்றால் பலத்த சந்தேகம். 5 என்றால் புற்றுநோய். பி1 என்றால் ஊசியில் சாதாரண மார்பகச் சதைதான் வந்திருக்கிறது. கையில் தெளிவாகக் கட்டி இருந்தும் பி1 வந்தால், ஊசி கட்டியைத் தொடவில்லையோ என்று கேட்க வேண்டும்.

எஃப்.என்.ஏ.சி.யில் 5 என்று வந்தாலும், சிகிச்சைக்கு முன் கோர் பயாப்ஸி கேட்பார்கள். 'ஒரு தடவை குத்தியாச்சே, மறுபடி எதுக்கு?' என்று கோபப்பட வேண்டாம். எந்த மருந்து என்று முடிவு செய்ய அந்தச் சதை வேண்டும்.

கர்ப்பமாக இருப்பவர், பால் கொடுப்பவர் என்றால் அதை லேப் சீட்டில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த நேரத்தில் மார்பகச் செல்களே மாறியிருக்கும், எஃப்.என்.ஏ.சி.யில் புற்றுநோய் போலத் தோன்றிவிடலாம்.

அலைச்சலைக் குறைக்க முடியுமா?

முதல் படிக்குச் சென்னை வர வேண்டியதில்லை. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை செய்கிறார்கள். கைப் பரிசோதனையைக் குறைவாக நினைக்க வேண்டாம். டாடா நினைவு மருத்துவமனை மும்பையில் 1998-ல் தொடங்கி 20 ஆண்டுகள், 1.5 லட்சம் பெண்களிடம் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது.

கட்டி இருக்கிறது என்றால், ஸ்கேனும் அதைப் பார்த்துச் செய்யும் கோர் பயாப்ஸியும் ஒரே இடத்தில் கிடைக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போவது நல்லது. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வடசென்னையில் ஸ்டான்லி, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகியவை பழவேற்காடு பக்கத்துக்காரர்கள் போகக்கூடிய இடங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ஓ.பி. என்று 104 எண்ணில் கேட்டுவிட்டுக் கிளம்பலாம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போகவும்.

டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். 'ஸ்கேன் பார்த்து எடுக்கிறீங்களா?' 'ஸ்கேனும் ஊசி ரிசல்ட்டும் ஒத்துப்போகுதா?' 'இல்லைன்னு வந்திருக்கே, அடுத்து எப்போ வந்து காட்டணும்?' மூன்றாவது கேள்விக்கான பதிலைத் தேதியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'பொங்கல் முடியட்டும், பள்ளிக்கூட லீவு வரட்டும்' என்று தள்ளிப்போகும் மறுபரிசோதனைகளில்தான் தவறவிட்ட கட்டிகள் வளர்கின்றன. தேதிக்கு முன்பே கட்டி பெரிதானாலோ, தோல் சுருங்கினாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ காத்திருக்க வேண்டாம். வலி இல்லையே என்றும் இருந்துவிட வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது.

கடைசியாக ஒன்று. ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால் மறுபடி ஊசி குத்தித்தான் ஆக வேண்டும் என்றில்லை. எடுத்த சதையை லேபில் மெழுகுக் கட்டியாகப் பாதுகாத்து வைத்திருப்பார்கள். அதற்கு 'பிளாக்' என்று பெயர். பிளாக்கையும் ஸ்லைடையும் எழுதிக் கொடுத்து வாங்கி, வேறொரு பெத்தாலஜிஸ்ட்டிடம் காட்டலாம். அதற்கு அம்மா ஊரிலிருந்து வர வேண்டியதில்லை. சென்னையில் இருக்கும் பிள்ளை, உரிய அனுமதிக் கடிதத்தோடு, ஒரு மதிய இடைவேளையில் போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்.